பந்து சோறு போடுமா?

கல்லூரி விழா மலர்களில் தவறாது இடம்பெறும் பகுதி ஒன்று உண்டு. எம்மிடம் கற்றோருள் வைத்தியராயினோர் இவர், பொறியியலாளராயினோர் இவர், சட்டத்தரணிகளாயும் கணக்காளராயும் நிருவாக சேவையாளராயும் விளங்குவோர் இவர் எனப் பெயர் நிரல் ஒன்று பக்கம் பக்கமாக நீளும். அதனைக் கண்டு பழைய மாணவர் பெருமிதங் கொள்வது முறையே. அந்நிரலில் உதைபந்தாட்டமும் இடையிடையே தலைகாட்டும். "கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குத் தலைமை தாங்கியவர்" என்னும் குறிப்பு, ஒரு வைத்தியரின் பெயருக்குப் பின்னே அணிகலன் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயின், பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் என ஒருவரை அங்குக் காண்பது மிக அரிது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கை வீடுகளிலும் ஒரே கேள்வி ஒரே வயதில் எழுகின்றது. பிள்ளை பதினைந்து பதினாறு வயதை எட்டி, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் போது, "பந்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். அன்றோடு காலணி கட்டிலின் கீழே போகின்றது. இங்ஙனம் கேட்கும் பெற்றோரை நாம் குறைகூற மாட்டோம். ஊரையும் உடைமையையும் இழந்து, கையிலிருந்த சான்றிதழ் ஒன்றையே துணையாகக் கொண்டு மீண்டும் எழுந்த குடும்பங்கள் நம்மிடையே பல. எவராலும் பறிக்கவொண்ணாத முதல் கல்வியே என்பதை அவர்கள் ஏட்டிற் படித்து அறிந்தாரல்லர், பட்டு அறிந்தவர்கள். ஆதலின் அவர்தம் கேள்விக்கு வீராவேச மொழிகளால் விடை கூறுதல் தகாது. நேரான விடை வேண்டும்.

எமது விடை இதுவே: பந்து சோறு போடும், ஆனால் தனியே போடாது. ஆடுகின்ற பிள்ளையின் பின்னே, அவனை ஆண்டுக்கணக்காகத் தாங்கி நிற்கும் ஒரு சபை வேண்டும். அச்சபை ஒரு பழைய மாணவர் சங்கமாகவே இருத்தல் கூடும். இது கற்பனையன்று. உலகின் மறுகோடியில் அங்ஙனம் நிகழ்ந்துள்ளது.

ரொசாரியோவின் பழைய மாணவர்

ஆர்ஜென்டீனா நாட்டில், பரானா ஆற்றின் கரையில் உள்ள துறைமுக நகரம் ரொசாரியோ. ஐசாக் நியூவெல் என்னும் ஆங்கிலேயர் 1869இல், பதினாறு வயது இளைஞராக, அந்நாட்டிற்கு வந்து சேர்ந்தார். புகையிரதக் கம்பனியில் தந்தித் தொழில் பார்த்தார், பின்பு ஆசிரியரானார், 1884இல் தாமே ஒரு பாடசாலையை நிறுவினார். வணிகக் கல்வியும் ஆங்கிலமும் புகட்டிய அப்பாடசாலையிற் பிள்ளைகள் பந்தும் உதைத்தனர். படித்து வெளியேறிய பின்னரும் அவர்கள் பந்தை விட்டுவிடவில்லை. 1903 நவம்பர் 3ஆம் நாள் ஐசாக்கின் மகன் கிளாடியோவும் பழைய மாணவரும் ஆசிரியரும் ஒன்றுகூடி ஒரு விளையாட்டுக் கழகத்தை அமைத்தனர். தம் ஆசானின் பெயரையே அதற்கு இட்டனர். 'நியூவெல்ஸ் ஓல்ட் போய்ஸ்' என்பது அக்கழகத்தின் பெயர். நம் வழக்கிற் சொல்வதாயின், 'நியூவெல் ஐயாவின் பழைய மாணவர்' என்பதே அதன் பொருள்.

ஸ்பானிய மொழி பேசும் நாடு அது. எனினும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரும், 'ஓல்ட் போய்ஸ்' என்னும் ஆங்கிலச் சொற்களைப் பெயரில் தாங்கியவாறே அக்கழகம் ஆடி வருகின்றது. அதற்கு மற்றொரு பெயரும் உண்டு. 1920களில் தொழுநோயாளர் வைத்தியசாலை ஒன்றின் நிதிக்காக ஆடுமாறு வேண்டப்பட்டபோது நியூவெல் கழகத்தார் இசைந்தனர் என்றும், அயலிலுள்ள ரொசாரியோ சென்ட்ரல் கழகத்தார் மறுத்தனர் என்றும் அந்நகரத்தார் கூறுவர். அதனால் நியூவெல் கழகத்தாருக்குத் 'தொழுநோயர்' என்னும் ஏளனப் பெயர் வாய்த்தது. அவர்களோ அதனைப் பட்டமாகவே சூடிக்கொண்டனர்.

ஒரு பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கொருமுறை விருந்து வைத்துக் கலைவதோடு நில்லாமல், ஒரு மைதானத்தையும் ஓர் இளையோர் பிரிவையும் வைத்து நடத்தினால் யாது விளையும்? பாடசாலையின் பிள்ளைகள் மட்டுமன்றி ஊர்ப் பிள்ளைகள் யாவரும் அங்கு வருவர். அப்படி வந்தவர்களுள் ஒருவன், 1987இல் ரொசாரியோவிற் பிறந்த, உருக்காலை ஊழியர் ஒருவரின் மகன். ஏழு வயதளவில் நியூவெல் கழகத்தின் சிறுவர் அணியில் ஆடத் தொடங்கிய அவனது பெயர் லயனல் மெஸ்சி.

மருந்துக்கு இல்லாத பணம்

மெஸ்சியின் ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் நம்மினும் நன்கு அறிவர். நாம் கூற விழைவது அவர் ஆடாமற் போயிருக்கக்கூடிய நாட்களைப் பற்றியே.

பத்துப் பதினொரு வயதில் அவருக்கு உடல் வளர்ச்சிக்குரிய சுரப்புக் குறைவு இருப்பதை வைத்தியர் கண்டனர். நாள்தோறும் காலில் ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்காக. அம்மருந்தின் விலையோ மாதந்தோறும் பெருந்தொகை. ஆர்ஜென்டீனா பொருளாதார நெருக்கடிக்குள் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. தந்தையின் தொழிலாலும் கழகத்தின் கையிருப்பாலும் அச்செலவைத் தொடர்ந்து தாங்க இயலவில்லை. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில், பதின்மூன்று வயதுச் சிறுவனை அழைத்துக்கொண்டு தந்தை கடல் கடந்து பார்சலோனாவுக்குச் சென்றார். அக்கழகத்தார் சிறுவனின் ஆட்டத்தைப் பார்த்தனர். ஆயினும் முடிவு சொல்ல மாதங்கள் கடந்தன. தந்தை பொறுமையிழந்த நிலையில், 2000 டிசெம்பர் 14ஆம் நாள், கழகத்தின் தொழில்நுட்பப் பணிப்பாளர் கார்லெஸ் ரெக்சாக், கைக்கு எட்டிய கைதுடைக்கும் தாள் ஒன்றில் உடன்படிக்கையை எழுதி ஒப்பமிட்டார். அந்தத் தாள் 2024 மே மாதத்தில் ஏலத்தில் ஏழரை இலட்சம் பவுணுக்கும் மேலாக விலைபோயிற்று.

அத்தாளின் மதிப்பு அதில் எழுதியிருந்த மையில் இல்லை. பார்சலோனாக் கழகம் மருந்துச் செலவை ஏற்றது. பயிற்சியும் வாழ்க்கைக்கு வழியும் தந்தது. பதின்மூன்று வயதில் ஏற்கப்பட்ட பிள்ளை 2004 ஒக்டோபரில் முதல் அணிக்காக லீக் ஆட்டத்தில் இறங்கினார். 2021 வரையில் அக்கழகத்துக்காக 672 கோல்கள் போட்டார். 2022 டிசெம்பர் 18ஆம் நாள் கத்தாரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்சுக்கெதிராக இரு கோல்கள் போட்டார்; ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்து, தண்ட உதைகளில் 4-2 என ஆர்ஜென்டீனா வென்றது.

ரொசாரியோவின் பழைய மாணவர் கழகம் திறமையைக் கண்டெடுத்தது, வளர்த்தது, ஆனால் இறுதிவரை தாங்க அதனால் இயலவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று வேண்டியிருந்தது பந்துமன்று, பயிற்றுநருமல்லர். மருந்துக்குப் பணமும், வைத்தியர் ஒருவரின் மேற்பார்வையும், நம்பத்தக்க உடன்படிக்கை ஒன்றுமே வேண்டியிருந்தன. இதனை வாசகர் மனத்தில் இருத்துக. பின்னர் இதற்கே மீள்வோம்.

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு

"மெஸ்சி எங்கே, நாம் எங்கே?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆகையால் நம் மொழி பேசும் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

நந்தகுமார் சேகர் 1995இற் சென்னையிற் பிறந்தவர். மைதானத்தின் ஓரமாக விரைந்து சென்று, உட்புறம் வெட்டித் திரும்பி, கோலை நோக்கி அடிப்பவர். சென்னை நகர லீக்கில் ஆடித் தேர்ந்தவர் 2017இல் சென்னை சிற்றி கழகத்துக்காக ஐ-லீக் போட்டிகளில் ஆடினார். அவ்வாண்டிலேயே இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய டெல்லி டைனமோஸ் கழகம் அவரை ஒப்பந்தஞ் செய்தது. 2019இல் அக்கழகம் புவனேஸ்வரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எனப் பெயர் மாறியபோது அவரும் உடன் சென்றார். 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த சூப்பர் கிண்ண இறுதியாட்டத்தில் ஒடிசா பெங்களூரை 2-1 என வென்றது. அவ்வாண்டே அவர் இந்திய அணிக்கும் தெரிவானார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திலும் சேர்ந்தார்.

ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் நாளில் கொல்கத்தா நகரம் இரண்டாகப் பிரியும் என்பதைப் பலர் அறிவர். 2019 ஜனவரிக்குப் பின்னர் நான்கரை ஆண்டுகளாக ஈஸ்ட் பெங்கால் அப்போட்டியில் வென்றதில்லை. அடுத்தடுத்து எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்தது. 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள், டூரண்ட் கிண்ண ஆட்டமொன்றின் 60ஆம் நிமிடத்தில் நந்தகுமார் அடித்த ஒரே கோலால் அந்தத் தோல்வி வரிசை அறுந்தது. 2024 ஜனவரி 28ஆம் நாள் சூப்பர் கிண்ண இறுதியாட்டத்தில், தாம் முன்னர் ஆடிய ஒடிசாக் கழகத்துக்கெதிராகவே சமநிலைக் கோலைப் போட்டார். மேலதிக நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் 3-2 என வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அக்கழகத்துக்குக் கிடைத்த தேசிய வெற்றிக் கிண்ணம் அது.

ஐ-லீக்கில் ஆடத் தொடங்கிய ஆண்டுக்கும் கொல்கத்தாவின் அந்தக் கோலுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். வைத்திய பீடத்தில் ஐந்து ஆண்டும் உள்ளகப் பயிற்சியில் ஓராண்டும் கழிக்கும் நம் பிள்ளைக்கு ஆகும் காலமும் ஏறத்தாழ அதுவே. அவ்வாறு ஆண்டுகளிலும் வைத்திய மாணவனைப் பல்கலைக்கழகமும் பெற்றோரும் சுற்றத்தாரும் தாங்குகின்றனர். "இன்னும் உழைக்கவில்லையே" என்று எவரும் கேட்பதில்லை. பந்தாடும் பிள்ளைக்கோ ஆறு மாதத் தவணைதானும் கொடுக்க நாம் ஆயத்தமாக இல்லை.

கால் என்னும் முதல்

எதிர்வாதங்களையும் மறைத்தல் கூடாது. இத்தொழிலிற் போடும் முதல் மனிதனின் கால். அம்முதல் விரைவில் தேய்வது.

நியூவெல் கழகத்திலிருந்து வந்த மற்றொரு முன்வரிசை ஆட்டக்காரர் கபிரியேல் பாட்டிஸ்டூட்டா. 1988இல் அக்கழகத்தில் ஆடத் தொடங்கிய அவர், புவனஸ் அயர்சின் பெருங்கழகங்கள் இரண்டிலும் ஆடியபின், 1991இல் இத்தாலியின் ஃபியோரன்ரீனாவுக்குச் சென்றார். 1993இல் அக்கழகம் இரண்டாந் தரத்துக்கு இறங்கியபோதும் கைவிட்டுப் போகாது உடன் நின்று, மறு ஆண்டே முதல் தரத்துக்கு மீட்டவர்களுள் ஒருவரானார். 1994 உலகக் கிண்ணத்தில் கிரேக்கத்துக்கெதிராகவும் 1998 உலகக் கிண்ணத்தில் ஜமேய்க்காவுக்கெதிராகவும் ஒரே ஆட்டத்தில் மும்மூன்று கோல்கள் போட்டார். 2001இல் உரோமாக் கழகத்தோடு இத்தாலிய லீக்கை வென்றார். 2005இல் ஓய்வு பெற்றார். அதன்பின் நேர்ந்தது யாது? கணுக்கால்கள் தேய்ந்து, நடக்கவும் இயலாத நிலையில், காலை வெட்டிவிடுமாறு வைத்தியரிடம் தாம் மன்றாடியதைப் பிற்காலத்தில் அவரே வெளியிட்டார். ஊசி ஏற்றி நோவை மறைத்து ஆடிய ஆண்டுகளின் கணக்கு அது.

வருவாயும் உறுதியானதன்று. இந்தியன் சூப்பர் லீக்கின் வணிக உரிமை உடன்படிக்கை முடியவிருந்தமையால், 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஆட்டக்காரரின் சம்பளத்தையும் நிறுத்தின. நம் நாட்டிலோ, 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் வரையில் நம் அணியால் எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் கலந்துகொள்ள இயலவில்லை. நிருவாகிகளின் பூசலுக்கு ஆட்டக்காரன் தன் வாழ்நாளில் ஏழு மாதங்களுக்கு மேல் இழந்தான். முன்வரிசை ஆட்டக்காரனுக்கு ஏழு மாதம் சிறிதன்று.

ஆனால் இவற்றிலிருந்து "ஆகவே ஆடற்க" என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. கப்பலிற் போவோர் மூழ்குவதும் உண்டென்று நம் முன்னோர் துறைமுகத்தை மூடினாரல்லர். பலமான கப்பல் கட்டினர். காலை நம்பும் தொழிலுக்கு வைத்தியமும் காப்புறுதியும் வேண்டும். சம்பளம் நிற்கக்கூடிய தொழிலுக்கு ஒழுங்கான ஒப்பந்தமும் சேமிப்பும் வேண்டும். முப்பத்தைந்தில் முடியும் தொழிலுக்குப் பின்னர் கைகொடுக்கும் கல்வி வேண்டும். 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இடம்பெற்றவர் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். அதன்பின் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் வாழ்வு முடியவில்லை, பயிற்றுநரானார். 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அவ்வணியின் பயிற்றுநர் அவரே. கால் ஓய்ந்த பின்னும் கற்றது உதவும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

கொழும்பில் நாம்

இனி நம் நகருக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலே சுகததாச விளையாட்டரங்கு இருக்கின்றது. 1995இல் அங்கேதான் இலங்கை அணி இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. சோண்டர்ஸ், ஜாவா லேன், றினோன் என்னும் பழம்பெருங் கழகங்கள் இந்நகரத்தில் வளர்ந்தவை. அவை செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளால் வளர்ந்தவையல்ல. துறைமுகத்தையும் சந்தையையும் சூழ்ந்த ஒழுங்கைகளின் பிள்ளைகளே அவற்றை வளர்த்தனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் ஓரணியில் நின்று ஆடிய பண்பு கொழும்பு உதைபந்தாட்டத்துக்கு உண்டு.

வெள்ளவத்தையின் நிலை வேறு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் மாடிகள் உயர்ந்தன. பிள்ளை பந்து உருட்ட ஒரு முற்றமும் எஞ்சவில்லை. புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள மணற்பரப்பும் கடல் விட்டுக்கொடுக்கும் அளவினதே. பாடசாலை முடிந்தால் ரியூசன். அது முடிந்தால் மற்றொரு ரியூசன். மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட பொழுது, ஆடும் வயதுப் பிள்ளைக்கு உரிய பொழுது, முற்றாக வகுப்பறைகளின் வசமாயிற்று. மைதானமின்மையினும் நேரமின்மையே நம் பிள்ளைகளின் பெரிய குறை என்பது எமது துணிபு.

திறமையில் நாம் குறைந்தோமல்லேம். வேல்ஸ் நாட்டிற் பிறந்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை விமல் யோகநாதன், நடுவரிசை ஆட்டக்காரராக, 2024இல் இங்கிலாந்தின் பான்ஸ்லி கழகத்தின் முதலணிக்கு ஆடினார். ஆங்கிலத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று அவரைப் பத்திரிகைகள் பாராட்டின. அவருடைய கால்களில் ஓடுவது வெள்ளவத்தைப் பிள்ளையின் கால்களில் ஓடுவதினின்றும் வேறான இரத்தமன்று. வேறுபாடு சூழலிலே. அங்கே, படிக்கும் வயதிலேயே பிள்ளையைச் சேர்த்து, பயிற்சியையும் படிப்பையும் ஒருங்கே நடத்தும் கழகம் இருந்தது. இங்கே, பரீட்சையா பந்தா என்று ஒன்றைத் தெரியுமாறு பிள்ளையைக் கட்டாயப்படுத்துகின்றோம்; பதினாறு வயதுப் பிள்ளை பெற்றோரின் முகத்தைப் பார்த்து ஒன்றைத் தெரிகின்றது.

பெயர் நிரலிலுள்ளோர் செய்யக்கூடியவை

ரொசாரியோச் சிறுவனுக்கு வேண்டியிருந்தவை எவை என்று முன்னர் கண்டோம். வைத்தியர், பணத்தை ஒழுங்காக நடத்தும் கணக்காளர், உடன்படிக்கை எழுதத் தெரிந்த சட்டத்தரணி ஆகிய இவர்களே. இவர்களை நாம் எங்குத் தேடுவது? விழா மலரின் பெயர் நிரலைப் புரட்டினாற் போதும். நாம் எண்ணிப் பெருமைப்படும் அந்த நிரல், பந்தாடும் பிள்ளைக்கு எதிராகக் காட்டப்படும் சாட்சியாக இதுவரை இருந்தது. அவனைத் தாங்கும் கைகளாக அது மாறுதல் கூடும். பழைய மாணவர் சங்கத்தால் இயலாததெதையும் நாம் கேட்கவில்லை. இயன்றவற்றையே கேட்கின்றோம்.

முதலாவது, பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் ஒருவரைச் சம்பளத்துக்கு நியமித்தல் வேண்டும். பெரும்போட்டிக்கு முந்திய மாதம் மட்டும் பயிற்றுநர் தேடும் வழக்கத்தால் அணி ஒரு நாள் வெல்லலாம், ஆட்டக்காரன் உருவாகான்.

இரண்டாவது, ஆடும் பிள்ளைகள் தவறவிடும் பாடங்களை வார இறுதியில் நடத்துவதற்குப் பழைய மாணவருள் ஆசிரியராயும் பல்கலைக்கழக மாணவராயும் உள்ளோர் முறைவைத்து வருதல் வேண்டும். பந்துக்காகப் படிப்பை விடுமாறு எந்தப் பெற்றோரையும் நாம் கேட்க மாட்டோம். இரண்டையும் கொண்டுசெல்ல ஒரு பாலம் கட்டித் தருமாறு சங்கத்தையே கேட்கின்றோம்.

மூன்றாவது, சங்கத்திலுள்ள வைத்தியர் ஆண்டுக்கிருமுறை ஆட்டக்காரரின் இருதயத்தையும் முழங்காலையும் கணுக்காலையும் சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் விபத்துக் காப்புறுதி எடுத்தல் வேண்டும். நோவோடு ஆடுவது வீரம் என்னும் மயக்கத்தைப் பிள்ளையிடமிருந்தும் பயிற்றுநரிடமிருந்தும் நீக்குவது அவ்வைத்தியரின் கடன்.

நான்காவது, பழைய மாணவர் பெயரால் ஒரு கழகம் பதிந்து கொழும்பு லீக்கிற் பங்குபற்றச் செய்தல் வேண்டும். பத்தொன்பது வயதில் பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளை ஆடுவதற்கு மறுநாளே ஓர் அணி வேண்டும். இல்லையேல் ஏழாண்டுப் பயிற்சி ஒரே மாதத்தில் வீணாகும். அக்கழகத்தின் கதவு நம் கல்லூரிப் பிள்ளைக்கு மட்டுமன்றி, ஒழுங்கையிலுள்ள எந்த மொழி பேசும் பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும். நியூவெல் கழகம் தன் பாடசாலைப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்திருப்பின், உருக்காலை ஊழியரின் மகன் உள்ளே வந்திரான்.

ஐந்தாவது, ஒப்பந்தம் கைக்கு வரும் நாளில், உள்நாட்டுக் கழகமாயினும் மாலைதீவுக் கழகமாயினும், பிள்ளை ஒப்பமிடுமுன் சட்டத்தரணியும் கணக்காளரும் அதனை வாசித்துப் பார்த்தல் வேண்டும். நம் ஆட்டக்காரர் பலர் மாலைதீவு லீக்கில் ஆடிப் பொருளீட்டியவர்கள். சட்டம் அறியாத இருபது வயது இளைஞன் அயல்நாட்டில் தனியே நின்று தன் சம்பளத்துக்கு வாதாட வேண்டிய நிலை வரலாகாது.

இத்தனை செய்தும் எத்தனை பேர் தேறுவர் என்று கேட்கலாம். மிகச் சிலரே தேறுவர். ஒருவருமே தேறாத ஆண்டுகளும் வரும். பந்தாட்டம் எங்கும் அத்தன்மையதே. எனினும் தேறாத பிள்ளை இழப்பது யாது? அவனுக்குப் படிப்பு இருக்கும். உடல் நலம் இருக்கும். தோற்றபின் எழுந்து நிற்கும் பழக்கம் இருக்கும். தன்னை ஒருவர் ஏழாண்டு பொருட்படுத்தினார் என்னும் நினைவு இருக்கும். இதனினும் பயனுள்ள முறையில் பழைய மாணவரின் சந்தாப் பணம் செலவாகும் வழியை நாம் அறியோம்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையின் காலணியை உடனே எறிந்துவிட வேண்டாம். அவன் மெஸ்சியாவான் என்றோ நந்தகுமாராவான் என்றோ நாம் வாக்களிக்கவில்லை. உயர்தரம் முடியும் வரையில், பயிற்சிக்கென வாரத்தில் மூன்று மாலைகளை அவனுக்கு விட்டுக்கொடுங்கள் என்றே வேண்டுகின்றோம். எஞ்சிய பொறுப்பைச் சங்கம் ஏற்கட்டும்.

சங்கத்தாருக்கும் ஒரு சொல். ரொசாரியோவில் 1903இற் கூடியவர்கள் செல்வந்தரோ பிரபுக்களோ அல்லர். ஒரு பாடசாலையிற் படித்து, அதன் ஆசானை மறவாதவர்கள். தம் கழகத்திலிருந்து உலகம் போற்றும் ஆட்டக்காரர் வருவர் என்று அவர்கள் கருதியிருக்க மாட்டார்கள். பள்ளி விட்டபின்னும் ஆட ஓரிடம் வேண்டும் என்று மட்டுமே கருதினர். அந்த அளவு நம்மாலும் இயலும். இவ்விழா ஆண்டு முடிவதற்குள் சங்கத்தின் செயற்குழு பயிற்றுநர் நியமனத்தையும் காப்புறுதியையும் பற்றியேனும் தீர்மானம் நிறைவேற்றுமாயின், அடுத்த மலரின் பெயர் நிரலில், வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் அருகே, "தொழில்முறை உதைபந்தாட்டக்காரர்" என்று ஒரு வரி சேர்வதற்கு இடம் உண்டாகும். அவ்வரியைக் காண நாம் ஆவலாயுள்ளோம்.